பருந்துப் படம் கறுத்துப் போகிறதா? சில எளிய வழிகள்

ஆண்டுதோறும் பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை, சுமத்ராவிலிருந்து மலாக்கா நீரிணையைக் கடந்து ஆயிரக்கணக்கான பருந்துகள் தஞ்சோங் துவான் வழியாக வடக்கே செல்கின்றன. போர்ட்டிக்சனை ஒட்டியிருந்தாலும் இந்த முனை மலாக்கா மாநிலத்துக்கு உரியது. இங்குள்ள கலங்கரை விளக்கத்தருகே பருந்து பார்க்கும் விழாவை மலேசிய இயற்கைக் கழகம் 2000ஆம் ஆண்டில் தொடங்கியது.

வருபவற்றில் பெரும்பாலானவை தேன் பருந்துகள். ஒன்றைப்போல் இன்னொன்று இருக்காது. வெளிர் நிறம் முதல் கரும்பழுப்பு வரை உண்டு. சிறகின் அடிப்புறக் கோடுகள், வால் பட்டைகள், புறாவைப் போன்ற சிறிய தலை ஆகியவற்றை வைத்தே அடையாளம் காண வேண்டும். படம் வெறும் கறுப்பு நிழலாக விழுந்தால் எந்தப் பறவை என்றே சொல்ல முடியாது.

ஒளி: வானத்தின் வெளிச்சத்தைக் கண்டு கேமரா தானாகவே ஒளியைக் குறைத்துவிடும், பறவை கறுத்துவிடும். எனவே எக்ஸ்போஷரை +1 முதல் +2 வரை கூட்டுங்கள். வானம் வெளுத்தாலும் பரவாயில்லை. கைபேசியில் பறவையின் மீது விரலால் தொட்டு, தோன்றும் சூரியக் குறியை மேலே தள்ளினால் போதும். செம்பனைத் தோட்டத்து நிழலில் நிற்கும் வெள்ளைக் கொக்குக்கு இதற்கு நேர்மாறு: சற்றுக் குறைக்க வேண்டும். இல்லையேல் இறகின் வரிகள் வெள்ளையில் கரைந்துவிடும்.

வேகம்: பறக்கும் பறவைக்கு ஷட்டர் வேகம் 1/1600 வினாடி அளவில் இருக்கட்டும். ஒளி போதாவிட்டால் ஐஎஸ்ஓவைக் கூட்டலாம். படத்தில் புள்ளிகள் தெரிந்தால் பிறகு ஓரளவு குறைக்கலாம். அசைந்து மங்கிய படத்தைத் திருத்துவது கடினம்.

சட்டகம்: பறவை போகும் திசையில், அதன் முன்னால் இடம் விடுங்கள். கண் தெளிவாக விழ வேண்டும். இதைப் பழக தஞ்சோங் துவானுக்குப் போக வேண்டும் என்பதில்லை. தோட்டத்துக் கால்வாயோரம் கம்பியில் அமரும் மீன்கொத்தியும் வீட்டு முன் மேயும் மைனாவும் போதும். மைனாவை நின்றபடி எடுக்காமல் குந்தி, அதன் கண் உயரத்தில் எடுத்துப் பாருங்கள். வேறுபாடு உடனே தெரியும்.

திருத்தம்: முதலில் வேண்டாத ஓரங்களை வெட்டுங்கள். பிறகு நிழற்பகுதியை மட்டும் சற்று வெளிச்சமாக்குங்கள். நிறத்தை அள்ளிக் கொட்ட வேண்டாம். பழுப்புப் பருந்து செம்பருந்தாகத் தெரிந்தால் பார்ப்பவர் தவறான பெயரைச் சொல்லிவிடுவார். திருத்தாத மூலப்படத்தையும் தேதி, இடத்துடன் சேமித்து வையுங்கள்.

ஒன்றை மறக்க வேண்டாம். தரையில் சூடேறி எழும் காற்றில் ஏறித்தான் பருந்துகள் சிரமமின்றி மிதக்கும். கடலில் அந்த உதவி குறைவு. சிறகடித்தே வருவதால் களைத்துப்போய்த் தாழப் பறந்து கரை சேரும். மரத்தில் இளைப்பாறும் பறவையைப் படத்துக்காக விரட்டிப் பறக்கவிடுவதும், கூட்டை நெருங்கிக் கிளையை ஒடிப்பதும் கூடாது. குஞ்சு பொரிக்க அது இன்னும் சைபீரியா, ஜப்பான் வரை போக வேண்டியிருக்கிறது.