கிராங்க் கேஸ் காற்றோட்டம்

கார் எஞ்சினின் அடிப்பெட்டியில் சேரும் புகையை உறிஞ்சி, மீண்டும் சிலிண்டருக்கே அனுப்பி எரிக்கும் ஏற்பாடு கிராங்க் கேஸ் காற்றோட்டம் எனப்படும். இதன் முக்கிய உறுப்பைப் பட்டறைகளில் பி.சி.வி. வால்வு என்பர், குழாய்க்குப் பிரீதர் என்று பெயர். கட்டைவிரல் அளவே உள்ள, விலை குறைந்த பாகம். ஆனால் காற்று மாசைக் குறைப்பதற்காகக் கார்களில் பொருத்தப்பட்ட முதல் கருவி இதுவே.

பிஸ்டன் ரிங்குகள் எவ்வளவு இறுக்கமாக இருந்தாலும், எரியும்போது எழும் அழுத்தத்தில் சிறிதளவு வாயு கீழே கசியும். அதில் பெரும்பங்கு எரியாத பெட்ரோல் கலவை. மீதி எரிந்த புகையும் நீராவியும். வழி அடைபட்டால் நீராவி குளிர்ந்து ஆயிலுடன் கலந்து சேறாகும், அமிலம் தோன்றிப் பேரிங்கை அரிக்கும், அழுத்தம் ஏறி ஆயில் சீல்களை வெளியே தள்ளும்.

தோற்றம்

தொடக்கக் காலக் கார்களில் எஞ்சினிலிருந்து ஒரு குழாய் தரையை நோக்கி இறங்கும். வண்டி ஓடும்போது அதன் வாயருகே பாயும் காற்று உள்ளேயுள்ள புகையை இழுத்துவிடும். வண்டி நின்றால் இழுப்பும் நின்றுவிடும். இழுக்கப்பட்ட புகையும் ஆயில் துளிகளும் சாலையில்தான் விழுந்தன. இரண்டாம் உலகப் போரில் ஆற்றில் இறங்கும் டாங்கிகளுக்கு இக்குழாய் உதவவில்லை; தண்ணீர் அதன் வழியே உள்ளே ஏறிவிடும். ஆகவே புகையை எஞ்சினின் உறிஞ்சு குழாய்க்கே திருப்பும் முறை அப்போதே கையாளப்பட்டது.

அமைதிக் காலத்தில் அதை மீட்டது லாஸ் ஏஞ்சல்ஸ் நகரின் புகைமூட்டம். நெதர்லாந்தில் பிறந்த வேதியியலாளர் ஆரி ஹாகன்-ஸ்மிட், அன்னாசிப்பழ மணத்தை ஆராய்ந்துகொண்டிருந்தவர், 1950-களின் தொடக்கத்தில் கார் புகையும் சூரிய ஒளியும் சேர்ந்தே அந்த மூட்டத்தை உண்டாக்குகின்றன எனக் காட்டினார். பின்னர் நடந்த ஆய்வுகள், கார் வெளியிடும் ஹைட்ரோகார்பனில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு சைலன்சர் வழியாக அல்ல, கிராங்க் கேஸ் வழியாகவே வருகிறது எனக் கண்டன. 1961 மாடல் கார்களில் கலிபோர்னியாவிலும், 1963-இல் அமெரிக்கா முழுவதிலும் பி.சி.வி. வால்வு இடம்பிடித்தது.

இந்தியாவில்

அதே ஆண்டுகளில் இந்தியச் சாலைகளில் ஓடியவை அம்பாசடரும் ஃபியட்டும், சென்னையில் தயாரான ஸ்டாண்டர்ட் ஹெரால்டும். 1950-களில் வடிவமைத்த எஞ்சின்கள் போட்டியில்லாத சந்தையில் பல பத்தாண்டுகள் நீடித்தன. மாசு என்பது அப்போது பேசுபொருளே அல்ல. 1989-ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகள் நான்கு சக்கரப் பெட்ரோல் வண்டிக்கு, சும்மா ஓடும் நிலையில், 3 விழுக்காடு கார்பன் மோனாக்சைடு என்று வரம்பு வைத்தன. அந்த அளவீடு சைலன்சர் வாயில் மட்டுமே. பிரீதர் குழாய் புகைந்தாலும் அக்கருவிக்குத் தெரியாது. 1996-இலும், யூரோ 1-க்கு இணையான விதிகள் வந்த 2000-இலும் கட்டுப்பாடு இறுகிய பிறகு, மூடிய காற்றோட்டம் இல்லாத பெட்ரோல் காருக்குச் சந்தையில் இடமில்லாமல் போயிற்று.

இன்றும் ஒரு குறுக்கு வழி உண்டு. பெட்ரோல் கலந்த பழைய ஆயிலின் ஆவி வால்வு வழியே ஏறினால் புகைச் சோதனையில் அளவு கூடும். குழாயைக் கழற்றிவிட்டால் குறையும். சான்றிதழ் கிடைத்துவிடும், நச்சு தெருவுக்குப் போகும். ஆயிலை மாற்றியிருந்தால் இரண்டுமே தேவைப்பட்டிருக்காது.

விருத்தாசலத்துத் தூசி

நெய்வேலிச் சுரங்கப் பகுதியின் களிமண்ணை நம்பி வளர்ந்தது விருத்தாசலத்தின் பீங்கான் தொழில். இத்தொழிலில் புழங்கும் மண்தூளில் உள்ள குவார்ட்சுத் துகள் எஞ்சின் இரும்பைவிடக் கடினமானது. மூடிய அமைப்பில் கிராங்க் கேஸுக்குள் நுழையும் புதுக் காற்று ஏர் ஃபில்டரைக் கடந்தே வரவேண்டும். குழாயில் ஒரு கீறல் விழுந்தால், வடிகட்டாத தூசி ஆயிலில் இறங்கி ரிங்கையும் பேரிங்கையும் உப்புத்தாள் போலத் தேய்க்கும். ஆகவே இத்தகைய ஊரில் வால்வைவிட ரப்பர் குழாயையும் கிளிப்பையும் அடிக்கடி பார்ப்பது நல்லது. சாதாரணத் தண்ணீர்க் குழாயை வெட்டிப் பொருத்துவது தவறு. ஆயில் பட்டதும் அது ஊறி உள்ளே ஒட்டிக்கொள்ளும்.

பழுதைக் காண அதிகக் கருவிகள் வேண்டாம். எஞ்சின் ஓடும்போது, விசிறி பெல்ட்டிலிருந்து கையை விலக்கி வைத்து, டேப்பெட் கவரிலிருந்து வால்வைப் பிடுங்கி அதன் வாயில் விரலை வைத்தால் இழுப்பு தெரியவேண்டும். இல்லையேல் குழாயோ வால்வோ அடைத்திருக்கிறது. கழற்றி ஆட்டினால் உள்ளே கடகடவென்று ஒலிக்கவேண்டும். ஆயில் மூடியின் அடியில் வெண்ணெய் போல் படிந்திருந்தால் நீராவி வெளியேறவில்லை. கடைத்தெருவுக்கு மட்டும் போய்வரும் காரில் இது இயல்பு. ரேடியேட்டர் நீரும் குறைந்தால் ஹெட் கேஸ்கட்டைச் சந்தேகிக்கலாம். வால்வு திறந்தபடியே சிக்கினால் எஞ்சின் தடுமாறும், ஆயில் குறையும், ஸ்பார்க் பிளக்கின் வெண்பீங்கான் முனை எண்ணெய்க் கரியால் நனைந்திருக்கும். அது மங்கிய பழுப்பாக இருப்பதே நலம். எல்லாம் சரியாக இருந்தும் மூடியைத் திறந்தால் புகை கொட்டினால் குற்றம் வால்வில் இல்லை. ரிங்குகள் தேய்ந்துவிட்டன, கம்ப்ரஷன் பார்க்கவேண்டும்.

புதிய எஞ்சின்கள் பலவற்றில் வால்வு கவருக்குள்ளேயே அமைந்திருக்கும். சவ்வு கிழிந்தால் விசில் போன்ற ஓசை கேட்கும்; கவரோடு மாற்றவேண்டி வரலாம்.

மண் ஏற்றும் டீசல் லாரிகளின் கதை வேறு. டீசல் எஞ்சினின் உறிஞ்சு குழாயில் பெட்ரோல் எஞ்சின் அளவுக்கு இழுப்பு இல்லாததால், நெடுங்காலம் அவற்றின் பிரீதர் வெளியே திறந்தே கிடந்தது. சொட்டும் ஆயிலில் களிமண் தூசி ஒட்டிக் குழாய் வாயில் பசையாக இறுகும். பழைய லாரியில் பின் ஆயில் சீல் ஒழுகினால், கியர் பாக்ஸை இறக்கும் முன் அந்த வாயை ஒரு கம்பியால் குத்திப் பார்க்கவேண்டும்.