உளி அகற்றிய இடத்தில் ஒளி

கள்ளக்குறிச்சி மரச்சிற்பம் 2021-இல் புவிசார் குறியீடு பெற்றது. நம் சிற்பியின் உளி வேண்டாத மரத்தை நீக்க, எஞ்சுவதே உருவம். ஜெர்மானிய ஓவியர் ஆல்பிரெக்ட் டியூரர் நூரம்பர்க் நகரில் 1511-இல் நூலாக வெளியிட்ட ‘மரியாளின் வாழ்வு’ என்னும் மரச்செதுக்கு ஓவியத் தொகுப்பிலும் உளியே பேசுகிறது. ஆனால் வேறு விதமாக. பலகையில் மேடாக எஞ்சிய கோடுகள் மையேற்றுக் கறுப்பாய்ப் பதியும். செதுக்கி அகற்றிய பள்ளங்களோ தாளில் வெண்மையாய், ஒளியாய் நிற்கும்.

அத்தொகுப்பின் கிறிஸ்து பிறப்புக் காட்சியில், சிதைந்த தொழுவத்தில் பாலனின் முன் அன்னை முழந்தாளிட்டிருக்கிறார். மரம் தன்னை இழந்த இடத்திலேயே அங்கு ஒளி பிறக்கிறது. தம்மையே வெறுமையாக்கிய இறைமகனின் பிறப்பை உரைக்க இதனினும் பொருத்தமான கலை எது?

ஒரே பலகை பல படிகளைத் தந்ததால், அரண்மனைக்கு வெளியேயும் இத்தகைய படங்கள் சென்றன. படத்தில் டியூரரின் பெயரெழுத்துகள் உள்ளன. அக்காலத்தில் ஓவியர் வரைந்ததைப் பெரும்பாலும் வேறொரு தொழிலாளியே செதுக்குவார். அவர் பெயரோ அச்சேறுவதில்லை.

அன்பர்களே, நம் குடிலின் மர உருவங்களைச் செதுக்கியவரின் பெயரை நாம் என்றேனும் கேட்டதுண்டா? பிறந்தவர், தச்சரின் மகன் என்றழைக்கப்பட்டவர் அல்லவா!