எண்ணூரும் கலப்பினப் பேருந்தும்

எரிபொருள் எஞ்சின், மின்மோட்டார் ஆகிய இரண்டாலும் இயங்கும் வண்டி கலப்பின வாகனம் அல்லது ஹைப்ரிட் எனப்படும். அதன் மின்கலத்தை வெளி மின்னிணைப்பில் செருகியும் மின்னேற்ற முடியுமானால் அது செருகு கலப்பின வாகனம், அதாவது பிளக்-இன் ஹைப்ரிட் ஆகும். உலகின் பிற பகுதிகளில் இத்தொழில்நுட்பத்துக்குப் புகழ் சேர்த்தவை போர்ஷே 918 ஸ்பைடர் போன்ற மீவேகக் கார்கள். வடசென்னையின் தொழிற்பகுதியில் இது மக்கள் ஏறி இறங்கும் பேருந்தின் வடிவில் வந்தது. அதன் வரலாறு எண்ணூர் அசோக் லேலண்ட் ஆலையுடன் இணைந்தது.

பின்னணி

ரகுநந்தன் சரண் 1948 செப்டம்பர் 7 அன்று அசோக் மோட்டார்ஸ் நிறுவனத்தைத் தொடங்கினார். அசோக் என்பது அவருடைய மகனின் பெயர். எண்ணூர் ஆலையில் முதலில் பூட்டப்பட்டவை இங்கிலாந்தின் ஆஸ்டின் ஏ40 கார்கள். பின்னர் பிரிட்டனின் லேலண்ட் நிறுவனத்துடன் ஏற்பட்ட ஒப்பந்தத்தால் ஆலை கனரக வாகனங்களின் பக்கம் திரும்பியது. 1955இல் நிறுவனத்தின் பெயர் அசோக் லேலண்ட் என மாறியது. அதே ஆண்டில் திருவொற்றியூரை இடமாகக் கொண்ட என்ஃபீல்டு இந்தியாவும் தோன்றியது. இவ்வாறு கடற்கரையை ஒட்டிய இப்பகுதி மோட்டார் தொழிலின் மையங்களுள் ஒன்றாயிற்று.

1967இல் டைட்டன் இரட்டை மாடிப் பேருந்தை அசோக் லேலண்ட் அறிமுகப்படுத்தியது. 1997இல் மும்பையின் பெஸ்ட் நிறுவனத்துக்கு அழுத்தப்பட்ட இயற்கை எரிவாயுவில் ஓடும் பேருந்தை வழங்கியது. எரிபொருளை மாற்றும் இந்த முயற்சியின் அடுத்த படியே கலப்பினப் பேருந்து.

மீவேகக் காரும் நகரப் பேருந்தும்

போர்ஷே 918 ஸ்பைடர் 2013 முதல் 2015 வரை 918 வண்டிகள் மட்டுமே தயாரிக்கப்பட்டது. 4.6 லிட்டர் வி8 எஞ்சினும் இரண்டு மின்மோட்டார்களும் சேர்ந்து அதற்கு 887 குதிரைத்திறன் அளித்தன. 2013 செப்டம்பரில் ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் ஓட்டப்பாதையை அது 6 நிமிடம் 57 விநாடியில் சுற்றியது. அங்கே மின்மோட்டாரின் முதன்மையான பணி வேகத்தைக் கூட்டுவது.

நகரப் பேருந்தில் அதன் பணி வேறு. நிறுத்தத்துக்கு நிறுத்தம் நின்று புறப்படும் வண்டி, ஒவ்வொரு முறை பிரேக் பிடிக்கும்போதும் தன் இயக்க ஆற்றலை வெப்பமாக இழக்கிறது. 16 டன் எடையுள்ள பேருந்து மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் செல்கையில் அதனிடம் உள்ள இயக்க ஆற்றல் ஏறத்தாழ 10 லட்சம் ஜூல், அதாவது கால் யூனிட் மின்சாரத்துக்குச் சற்று மேல். அவ்வேகத்திலிருந்து 40 முறை நின்றால் 11 யூனிட் வீணாகிறது. ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் பயனுள்ள ஆற்றலாகக் கிடைப்பது சுமார் 3 முதல் 4 யூனிட். ஆகவே 40 நிறுத்தங்களில் ஏறத்தாழ 3 லிட்டர் டீசலின் உழைப்பு பிரேக்கில் கரைகிறது.

கலப்பின வாகனத்தில் பிரேக் பிடிக்கும்போது மோட்டார் மின்னாக்கியாக மாறி இந்த ஆற்றலில் ஒரு பகுதியை மீட்டுச் சேமிக்கிறது. அடுத்த முறை வண்டி புறப்பட அது உதவுகிறது. பந்தயக் காரைவிட நெரிசலில் ஊரும் பேருந்துக்கே இதனால் அன்றாடப் பயன் மிகுதி.

இரண்டு ஹைபஸ்கள்

2010 ஜனவரியில் டெல்லி வாகனக் கண்காட்சியில் அசோக் லேலண்ட் ஹைபஸ் என்ற பேருந்தைக் காட்டியது. இயற்கை எரிவாயு எஞ்சினும் மின்மோட்டாரும் கொண்ட இது செருகு கலப்பின வகையைச் சேர்ந்தது. உச்ச நீதிமன்ற ஆணையால் டெல்லியின் நகரப் பேருந்துகள் ஏற்கெனவே எரிவாயுவுக்கு மாறியிருந்தன.

2016இல் அதே பெயரில் மற்றொரு பேருந்து வந்தது. இதற்கு வெளி மின்னேற்றம் தேவையில்லை. மின்கலத்துக்கு மாற்றாக மீமின்தேக்கி, அதாவது அல்ட்ரா கெப்பாசிட்டர் இதில் இடம்பெற்றது. ஒரே எடையுள்ள லித்தியம் மின்கலத்தைவிட மீமின்தேக்கி மிகக் குறைந்த ஆற்றலையே சேமிக்கும். ஆனால் சில விநாடிகளில் நிரம்பும், சில விநாடிகளில் காலியாகும், பல லட்சம் முறை அவ்வாறு செய்தாலும் தேயாது. ஒரு நிறுத்தத்தில் மீட்கக்கூடியது கால் யூனிட் அளவே என்பதால் நகரப் பேருந்துக்கு அது பொருந்தியது. பணிமனைகளில் மின்னேற்ற வசதி இல்லாத நாட்டில் செருகும் தேவையே இல்லாத வண்டி நடைமுறைக்கு ஏற்ற தீர்வாகக் கருதப்பட்டது.

முழு மின்சாரம் நோக்கி

எனினும் காலம் வேறு திசையில் சென்றது. 2016 அக்டோபரில் அசோக் லேலண்ட் சர்க்யூட் என்னும் முழு மின்சாரப் பேருந்தைச் சென்னையில் வெளியிட்டது. 2018இல் எண்ணூரில் மின்வாகனங்களுக்கான தனிக்கூடம் அமைந்தது. 2019இல் தொடங்கிய மத்திய அரசின் ஃபேம் திட்டத்தின் இரண்டாம் கட்டம் சுமார் 7,000 மின்சாரப் பேருந்துகளுக்கு மானியம் வழங்க இலக்கு வைத்தது. மின்கலத்தின் விலையும் இறங்கியது. கலப்பினப் பேருந்து டீசலுக்கும் மின்சாரத்துக்கும் இடையிலான ஒரு படியாக நின்றுவிட்டது.

2025 ஜூன் 30 அன்று வடசென்னையின் வியாசர்பாடி பணிமனையிலிருந்து மாநகர் போக்குவரத்துக் கழகத்தின் 120 தாழ்தள மின்சாரப் பேருந்துகள் ஓடத் தொடங்கின. இவற்றைத் தயாரித்தது அசோக் லேலண்ட் குழுமத்தைச் சேர்ந்த ஸ்விட்ச் மொபிலிட்டி.

மின்சாரம் வரும் வழி

பேருந்தில் புகை இல்லை என்பதால் புகையே இல்லை என்று ஆகாது. எண்ணூர் அனல்மின் நிலையம் 2017இல் மூடப்பட்டது. ஆனால் அருகிலுள்ள அத்திப்பட்டில் 1,830 மெகாவாட் திறனுள்ள வடசென்னை அனல்மின் நிலையத்தின் முதல் இரண்டு நிலைகள் நிலக்கரியை எரிக்கின்றன. அதன் சாம்பல் கொசஸ்தலை ஆற்றிலும் எண்ணூர் கழிமுகத்திலும் படிந்ததால் மீன்பிடிப்பு கெட்டது. மீனவர்கள் இதை எதிர்த்துப் பல ஆண்டுகளாகப் போராடி வருகின்றனர்.

மின்சாரப் பேருந்தால் அண்ணா சாலையில் காத்திருக்கும் பயணியின் மூச்சு இலகுவாகிறது. அந்தப் பேருந்துக்கான மின்சாரம் நிலக்கரியிலிருந்து வந்தால் சுமையின் ஒரு பங்கு எண்ணூர் மக்கள்மீது விழுகிறது. தமிழ்நாட்டின் காற்றாலை, சூரிய மின்சாரத்தின் பங்கு கூடக்கூட இச்சுமை குறையும். ஆனால் பேருந்துகள் பெரும்பாலும் மின்னேற்றம் பெறுவது இரவில், அப்போது சூரிய மின்சாரம் கிடைப்பதில்லை. எனவே எண்ணூரில் 1949இல் கார் பூட்டுவதில் தொடங்கிய வாகன வரலாற்றின் அடுத்த கட்டம், வண்டியின் வடிவமைப்பை மட்டுமன்றி மின்சாரத்தை எதிலிருந்து எடுக்கிறோம், எப்படிச் சேமிக்கிறோம் என்பதையும் பொறுத்தது.