கடலோரப் பேரிடர்க் கல்வி: தேவ்நார்

கடலோர நகரின் வடிகால், பாலம், மருத்துவமனை, மின்நிலையம் ஆகியவை புயலிலும் வெள்ளத்திலும் செயலிழக்காமல் இருக்க, அவற்றைத் திட்டமிடுவோருக்கும் இயக்குவோருக்கும் தரப்படும் கல்வியும் பயிற்சியும் கடலோரப் பேரிடர்க் கல்வியில் அடங்கும். மும்பையில் இதற்கான உயர்கல்வி தேவ்நாரில் உள்ள டாடா சமூக அறிவியல் நிறுவனத்தில் கிடைக்கிறது. 1936இல் தொடங்கிய இந்நிறுவனம் 1954இல் தேவ்நாருக்கு இடம்பெயர்ந்தது. பேரிடர் ஆய்வுக்கென ஜம்செட்ஜி டாடா பெயரில் தனிப் பள்ளியும் இங்கு உண்டு.

2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையும் 2005 ஜூலை 26 மும்பை வெள்ளமும் இக்கல்வியின் தேவையை நாட்டுக்கு உணர்த்தின. அந்த ஜூலை நாளில் சாந்தாகுரூஸில் 944 மி.மீ. மழை பெய்தது. மணிக்கு 25 மி.மீ. மழைக்கென அமைந்த பழைய வடிகால்களால் அதைத் தாங்க முடியவில்லை. கடலின் ஏற்றமும் சேர்ந்துகொண்டது. ஏற்றத்தின்போது வடிகால் வாயைவிடக் கடல்மட்டம் உயர்ந்தால், வெளியேற வேண்டிய நீர் தெருவுக்கே திரும்பும். அப்போது மதகை அடைத்து, உள்ளே தேங்கும் நீரை எக்கி மூலம் கடலுக்குள் தள்ள வேண்டும். மழை முன்னறிவிப்பையும் ஓத அட்டவணையையும் சேர்த்துப் படிக்கும் பழக்கம், மதகை இயக்கும் ஊழியருக்கும் பொறியாளருக்கும் ஒருபோல அவசியம்.

தேவ்நார் வளாகத்துக்குக் கிழக்கே தாணே கழிமுகத்தின் அலையாத்திக் காடுகள் நிற்கின்றன. அலையின் வேகத்தைத் தணிக்கும் இவையும் கான்கிரீட் சுவருக்கு நிகரான உட்கட்டமைப்பே. பாடத்தில் இவற்றுக்கு இடம் தராத பயிற்சி அரைகுறையானது. வெள்ளத்தில் முதலில் மூழ்கும் தாழ்நிலக் குடிசைப் பகுதி மக்களின் அனுபவத்துக்கும் பாடத்தில் இடம் வேண்டும்.