தங்கத்தைக் கரைத்த விஷம்

சயனைடு என்றதும் நம்மில் பலருக்கு சினிமா வில்லனின் மோதிரம்தான் ஞாபகம் வரும். ஆனால் இன்று உலகில் எடுக்கப்படும் தங்கத்தில் பெரும்பங்கு இந்த விஷத்தில் கரைந்துதான் வெளியே வருகிறது. கெமிஸ்ட்ரி படித்தவர்களிலேயே இதை மறந்தவர்கள் உண்டு.

தங்கம் லேசில் மசியாத உலோகம். கந்தக அமிலம், நைட்ரிக் அமிலம் தனித்தனியாக ஊற்றினால் அசையாது. ராஜ திராவகம் வேண்டும். அப்பேர்ப்பட்டது, அரைச் சதவீதத்துக்கும் குறைவான சயனைடு கலந்த தண்ணீரில் சத்தமில்லாமல் கரைகிறது! சூட்சுமம் காற்றில் இருக்கிறது. ஆக்சிஜன் தங்க அணுவிடம் எலக்ட்ரானைப் பறிக்க, பறிகொடுத்த அணுவை இரண்டு சயனைடு அயனிகள் இருபுறமும் பிடித்துக்கொள்கின்றன. ஆக்சிஜன் இல்லாமல் இது நடக்காது என்று எல்ஸ்னர் என்ற ஜெர்மானியர் 1846-லேயே எழுதிவிட்டார். சுரங்கத்துக்கு அது போய்ச் சேர நாற்பது வருஷம் ஆனது.

1887-இல் கிளாஸ்கோவில் மெக்ஆர்தர் என்ற ரசாயனக்காரரும், ஃபாரஸ்ட் என்ற டாக்டர் சகோதரர்கள் இருவரும் சேர்ந்து காப்புரிமை வாங்கினார்கள். தென்னாப்பிரிக்காவின் விட்வாட்டர்ஸ்ராண்டில் அப்போது நெருக்கடி. மேல்மட்டக் கல்லில் பாதரசத்தை வைத்தே தங்கம் பிடித்தார்கள். ஆழம் போகப்போக கந்தகமும் இரும்பும் சேர்ந்த பைரைட் கல் வந்து, பாதரசம் கைவிட்டது. பங்கு விலைகள் சரிந்தன. 1890-இல் சயனைடு முறை அங்கே வந்தது. அரைத்த கல்லைச் சயனைடு நீரில் ஊறவைத்து, வடித்து, துத்தநாகச் சீவல் வழியே விட்டால் தங்கம் கறுப்புக் குழம்பாகப் படியும். சுண்ணாம்பு போட்டுக் காரத்தன்மையைக் காக்க வேண்டும். அமிலமானால் கிளம்புவது ஆளைக் கொல்லும் ஹைட்ரஜன் சயனைடு வாயு. சுரங்கங்கள் பிழைத்தன. உடனே, "இதெல்லாம் முன்பே தெரிந்ததுதானே" என்று வழக்குப் போட்டு, 1896-இல் டிரான்ஸ்வால் நீதிமன்றத்தில் காப்புரிமையை உடைத்தும்விட்டார்கள். தெரிந்தது வேறு, ஆலையில் ஓட்டிக்காட்டுவது வேறு சார். நான் மெக்ஆர்தர் கட்சி!

நமக்கு இதில் நெருங்கிய சம்பந்தம் கோலார் தங்கவயல். 1880-இல் ஜான் டெய்லர் கம்பெனி இறங்கிய அந்த வயலில், மூன்று கிலோமீட்டர் ஆழத்துக்கும் கீழே போய் வேலை செய்தவர்களில் மிகப் பலர் வட ஆற்காடு, சேலம் பக்கத்துத் தமிழர்கள். நூற்றிருபது வருஷத்தில் சுமார் 800 டன் தங்கம் போயிற்று. 2001 பிப்ரவரி 28-இல் சுரங்கத்தை மூடினார்கள். மிஞ்சியது, சயனைடில் கழுவிக் கொட்டிய மண் மேடுகள். சயனைடு வெயிலில் மெல்லச் சிதைந்துபோகும். மாவு போன்ற சிலிக்கா தூசி சிதையாது. காற்றடிக்கும் மாதங்களில் அது வீடுகளுக்குள் வருகிறது. சுரங்கத் தொழிலாளியின் நுரையீரலை அரித்த அதே தூசி, மேலே பேரப்பிள்ளைகளுக்கும்.

அந்த மண்ணில் டன்னுக்கு ஒரு கிராமுக்கும் குறைவாகத் தங்கம் இன்னும் இருக்கிறது. 2024-இல் 13 மேடுகளை மறுபடி கழுவித் தங்கம் எடுக்கக் கர்நாடக அமைச்சரவை சம்மதம் சொன்னது. கெமிக்கல் படிக்கும் தம்பி, தங்கைகள் நாளை அந்த வேலைக்குப் போனால், கழுவிய மண்ணை எங்கே, எதைப் போட்டு மூடப் போகிறீர்கள் என்று முதல் நாளே கேளுங்கள்.