ஜெகதளா வெலிங்டன் ஆன கதை

மேட்டுப்பாளையத்துல இருந்து மலை ரயில்ல ஊட்டி போனவங்க, குன்னூர் தாண்டினதும் வெலிங்டன்னு ஒரு ஸ்டேஷனைப் பாத்திருப்பீங்க. ரெண்டு நிமிஷத்துல ரயில் கிளம்பிடும். போட்டோ எடுத்துட்டு அருவங்காட்டுக்குப் போயிடுவோம். அங்க இருக்கிற ராணுவப் பாசறைக்கு நூத்தி அறுபது வருஷத்துக்கு மேல வயசு. நம்ம ஊர்ப் பசங்க பட்டாளத்துக்குப் போனா பல பேருக்கு முதல் வாசல் அதுதான். அதனால அதோட கதையை எழுதி வைக்கலாம்னு தோணுச்சு.

முதல்ல பேரு. வெலிங்டனுக்கு ஆதியில அந்தப் பேரு கிடையாது. பக்கத்துல ஜெகதளான்னு படுகர் கிராமம் ஒண்ணு இருக்கு. இன்னைக்கும் அந்த ஊர் இருக்கு, பேரூராட்சியும் அதே பேர்லதான் இருக்கு. வெள்ளைக்காரன் வாயில ஜெகதளா நுழையாம 'ஜக்கதல்லா' ஆயிடுச்சு. பாசறை கட்ட ஆரம்பிச்சது 1852-இல். முடிஞ்சது 1860-இல். அதே 1860-லதான் ஜக்கதல்லாவுக்கு வெலிங்டன்னு பேரு மாத்தினாங்க, வெலிங்டன் பிரபு ஞாபகார்த்தமா. அவர் செத்ததும் 1852-லதான்.

யார் இந்த வெலிங்டன்? நெப்போலியனை வாட்டர்லூவுல தோற்கடிச்ச தளபதி. ஆனா அதுக்கு முன்னாடி ஆர்தர் வெல்லஸ்லிங்கிற பேர்ல நம்ம நாட்டுலதான் சண்டை போட்டுட்டு இருந்தார். 1803 செப்டம்பர்ல, இப்போ மகாராஷ்டிராவுல இருக்கிற அசாயேங்கிற இடத்துல மராட்டியப் படையோட பெரிய போர். அதுல அவருக்குக் கீழ நின்னு செத்ததுல நிறைய பேர் மதராஸ் சிப்பாய்ங்க. அந்தப் போரோட நினைவாத்தான் மெட்ராஸ் ரெஜிமெண்ட் சின்னத்துல யானை வந்துச்சு. ஜெயிச்ச தளபதி பேர் ஊருக்கு நிலைச்சது, செத்த சிப்பாய்க்கு யானைச் சின்னம் மிஞ்சுச்சு.

சரி, மலை உச்சியில எதுக்குப் பாசறை? எதிரி யாரும் அங்க இல்லையே! காரணம் காய்ச்சல். அந்தக் காலத்துல இந்தியாவுக்கு வந்த வெள்ளைக்காரச் சிப்பாய் சண்டையில செத்ததை விட காலரா, சீதபேதி, மலேரியாவுல செத்ததுதான் அதிகம். இதை விசாரிக்க லண்டன்ல ஒரு கமிஷன் போட்டாங்க. 1863-இல் அறிக்கை வந்துச்சு. வருஷத்துக்கு ஆயிரம் வெள்ளைச் சிப்பாய்க்கு 69 பேர் சாகுறாங்கன்னு கணக்குச் சொன்னாங்க. செவிலியர் பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அதுக்காக ரொம்ப உழைச்சாங்க. கெட்ட தண்ணி, சாக்கடை இல்லாத குடியிருப்பு, ஒரே கொட்டகையில நெருக்கடியா அடைச்சு வைக்கிறது, இதெல்லாம்தான் கொல்லுதுன்னு சுட்டிக் காட்டினாங்க.

கொசுதான் மலேரியாவைப் பரப்புதுன்னு அப்போ யாருக்கும் தெரியாது. ரொனால்ட் ராஸ் அதைக் கண்டுபிடிச்சது 1897-லதான். அதுவரைக்கும் சதுப்புக் காத்துதான் காய்ச்சல் தருதுன்னு நம்பினாங்க. காரணம் தப்பு, ஆனா செஞ்ச காரியம் பலிச்சது. ஆறாயிரம் அடிக்கு மேல குளிர்ல மலேரியாக் கொசு அவ்வளவா இல்ல. சமவெளியில நோயாப் படுத்தவனை மேல கொண்டு போனா கொஞ்சம் தேறினான். அப்படி மெட்ராஸ் மாகாணத்து வெள்ளைப் பட்டாளம் உடம்பு தேத்துற இடமாத்தான் வெலிங்டன் வளந்துச்சு.

பட்டாளம் வந்தா வாய் வரும், வாய் வந்தா காய் வேணும். கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் 1819-இல் மலை ஏறினதுல இருந்தே உருளைக்கிழங்கும் இங்கிலீஷ் காய்கறியும் மேல பயிராக ஆரம்பிச்சிருந்தது. பெரிய பாசறையும் ஊரும் உண்டானப்போ வாங்குற ஆளும் பக்கத்துலயே கிடைச்சாங்க. 1899-இல் ரயில் குன்னூர் வரைக்கும் வந்துச்சு, 1908-இல் ஊட்டி வரைக்கும் போச்சு. இன்னைக்கு மேட்டுப்பாளையம் மண்டியில ஊட்டிக் கிழங்கு மூட்டை மூட்டையா இறங்குது. அதுக்குப் பின்னாடி இந்தக் கதையும் கொஞ்சம் இருக்கு.

இப்போ மனசு வலிக்கிற பகுதி. 1857 கலகத்துல மதராஸ் படை பெரும்பாலும் கம்பெனிக்கு எதிரா எழும்பல. அப்படியிருந்தும் அதுக்கப்புறம் வந்த வெள்ளை அதிகாரிங்க, தெக்கத்திக்காரன் சண்டைக்கு லாயக்கில்லைன்னு முடிவு பண்ணாங்க. 'போர்ச் சாதி'ன்னு ஒரு கோட்பாடு. வடக்குல உள்ள சில இனம்தான் சண்டைக்குப் பொறந்தது, மத்ததெல்லாம் ஆகாதுன்னாங்க. அதைப் பெரிசா எடுத்துப் பேசினவர் ராபர்ட்ஸ் பிரபு. 1880-களில் மதராஸ் படைக்கே தலைமைத் தளபதியா இருந்தவர் அவர்! ஒவ்வொரு பட்டாலியனா கலைச்சுக்கிட்டே வந்து, 1920-களோட கடைசியில மதராஸ் காலாட்படையே இல்லாமப் போச்சு. 1758-இல் தொடங்கின படை அது. பொறியியல் வேலை பார்க்கிற மெட்ராஸ் சாப்பர்ஸ் மட்டும் பெங்களூருல மிஞ்சுச்சு.

அப்புறம் ரெண்டாம் உலகப் போர் வந்துச்சு. ஆள் பத்தலை. லாயக்கில்லைன்னு ஒதுக்கினவனையே திரும்பக் கூப்பிட்டாங்க. மெட்ராஸ் ரெஜிமெண்ட் மறுபடி உயிர் பெத்துச்சு. மண்ணை உழுறவனுக்கு வீரம் இல்லைன்னு சொன்ன கோட்பாடெல்லாம், ஆள் தேவைப்பட்டதும் பறந்து போச்சு பாத்தீங்களா?

1947-இல் அந்த ரெஜிமெண்டோட பயிற்சி மையம் வெலிங்டனுக்கு வந்துச்சு. வெள்ளைக்காரன் உடம்பு தேத்திக்கக் கட்டின இடத்துல நம்ம பசங்க உடம்பை உருக்க ஆரம்பிச்சாங்க. அடுத்த வருஷமே, 1948-இல், காஷ்மீர் தித்வால்ல இந்த ரெஜிமெண்டோட முதல் பட்டாலியன் சண்டை போட்டுப் பேர் வாங்குச்சு. பாசறைக்கு இப்போ பேரு ஸ்ரீநாகேஷ் பாரக்ஸ். 1955-இல் இருந்து 1957 வரைக்கும் ராணுவத் தளபதியா இருந்த ஜெனரல் ஸ்ரீநாகேஷ் பேரு அது. பிரிவினை சமயத்துல குவெட்டாவுல இருந்து பிரிஞ்சு வந்த முப்படை அதிகாரிகள் கல்லூரியும் அதே வெலிங்டன்லதான் இருக்கு.

தமிழ்நாடு, கேரளா, கர்நாடகா, ஆந்திரா, தெலங்கானா எல்லாத்துல இருந்தும் பசங்க இங்க வர்றாங்க. ராணுவத்துல இவங்களைத் 'தம்பி'ன்னுதான் செல்லமாக் கூப்பிடுவாங்க. அணிவகுப்புக் கட்டளை எல்லாம் இந்தியிலதான், சாவ்தான், விஷ்ராம்னு. ஆனா போர் முழக்கம் மட்டும் தமிழ் காதுக்கு உடனே புரியும்: "வீர மதராசி, அடி கொல்லு, அடி கொல்லு!" பயிற்சி முடிஞ்சதும் உறுதிமொழி எடுக்கிற அணிவகுப்பு நடக்கும். அப்போ பெத்தவங்க வந்து பாப்பாங்க. ரேஷன் கார்டு தாண்டி வேற எந்த சர்க்கார் காகிதத்தையும் பாக்காத அம்மாவுக்கு அது எப்பேர்ப்பட்ட நாள்னு யோசிச்சுப் பாருங்க.

எங்க பக்கம் விடியக்காலம் 4 மணிக்கு மடை திறக்கப் போனா, ரோட்டுல பசங்க ஓடிட்டு இருப்பாங்க. 1,600 மீட்டர் ஓட்டத்தை நேரத்துக்குள்ள முடிக்கணும்னு. எல்லாம் ரெண்டு ஏக்கர், மூணு ஏக்கர் வீட்டுப் பிள்ளைங்க. அந்தக் காலத்துல தேர்வானா பதினஞ்சு, பதினேழு வருஷ சர்வீஸ், அப்புறம் பென்ஷன், அந்தக் காசுல ஒரு போர்வெல், ஒரு வீடு. 2022-இல் அக்னிபத் வந்ததுல இருந்து முதல்ல நாலு வருஷம்தான். அது முடிஞ்சதும் நூத்துக்கு 25 பேர் வரைக்கும் நிரந்தரமா எடுத்துப்பாங்க. மத்தவங்களுக்குப் பென்ஷன் கிடையாது, சுமார் 11.7 லட்சம் ரூபா கைக்கு வரும்.

இது நல்லதா கெட்டதான்னு பெரியவங்க பேசிக்கட்டும். எனக்கு ஒண்ணுதான் கேக்கணும். இருபத்திரண்டு, இருபத்திமூணு வயசுல திரும்பி வர்ற பையனுக்கு இங்க என்ன இருக்கு? மண்ணை விட்டுப் போனவன் மறுபடி மண்வெட்டி பிடிக்கணும்னா, அந்த மண்ணு அவனுக்குச் சோறு போடுற நிலையில இருக்கணும். அதைச் செய்யாம வீரத்தை மட்டும் கொண்டாடினா, ஊருக்குத் தளபதி பேரை வெச்சுட்டு சிப்பாய்க்கு யானையைக் கொடுத்த கதைதான்.

அடுத்த தடவை அந்த ஸ்டேஷன்ல ரயில் நின்னா, பலகையில வெலிங்டன்னு படிக்கும்போது மனசுக்குள்ள ஜெகதளான்னும் ஒரு தடவை சொல்லிப் பாருங்க.