சுவரும் செவியும்

பகலிற் பக்கம் பார்த்துப் பேசு, இரவில் அதுவும் பேசாதே என்பது பழமொழி. மறைந்து நின்று கேட்கும் அயலானை எண்ணியே முன்னோர் இவ்வாறு எச்சரித்தனர். அவ்வயலான் கேட்க விரும்பினால் அருகில் வந்தாக வேண்டும். வீட்டிற்குச் சுவரும் கதவும் இருக்குமாயின் அவன் உள்ளே புகுவது எளிதன்று. ஆனால், தொலைவில் இருந்தே கேட்கவல்ல கருவி தோன்றிய பின்னர் சுவரின் காவல் எம்மட்டில் உதவும்? அக்கருவி அரசாங்கத்தின் கையிலேயே இருக்குமாயின் குடிமகனுக்கு அரண் யாது? இவ்வினாவிற்கு விடை காண ஐக்கிய அமெரிக்காவின் நீதிமன்றங்களுக்கு ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் வேண்டியிருந்தன.

சட்டம் முதலிற் காக்க முற்பட்டது சுவரையே. 1762ஆம் ஆண்டில் இங்கிலாந்திலே, அரசாங்கத்தைத் தாக்கி எழுதினார் என்ற ஐயத்தின்பேரில் ஜோன் என்ரிக் என்பவரது வீட்டினுள் அரசனின் ஏவலர் நால்வர் புகுந்தனர். பூட்டுகளை உடைத்தனர், தாள்களைக் கிளறி எடுத்துச் சென்றனர். அமைச்சர் ஒருவரின் ஆணை மாத்திரமே அவர்களுக்கு ஆதாரமாயிருந்தது. 1765இல் அவ்வழக்கை விசாரித்த கம்டன் பிரபு, அத்தகைய ஆணைக்கு நாட்டின் சட்டத்தில் இடமில்லை எனத் தீர்த்தார். அமெரிக்கக் குடியேற்ற நாடுகளிலும் சுங்க அதிகாரிகள் எந்த வீட்டையும் சோதிக்கும் பொதுவாணைகளோடு திரிந்தனர். அதன் கசப்பை மறவாத மக்கள், சுதந்திரம் பெற்ற பின் 1791இல் தம் அரசியலமைப்பின் நான்காம் திருத்தத்தை நிறைவேற்றினர். மக்களின் உடல், வீடு, தாள், உடைமை ஆகியவற்றை நியாயமின்றிச் சோதித்தல் ஆகாது. தக்க காரணம் காட்டி, இடத்தையும் பொருளையும் குறித்துப் பெற்ற ஆணை வேண்டும் என்பது அதன் சாரம்.

இதனை இயற்றியோர் கதவை உடைத்து நுழையும் அதிகாரியைக் கண்டவர்கள். கம்பி வழியே நுழையும் அதிகாரியைக் கண்டிலர். 1876இல் கிரகாம் பெல் தொலைபேசிக்கு உரிமம் பெற்றார். அடுத்த ஐம்பது ஆண்டுகளுக்குள் வணிகமும் உறவும் காதலும் களவும் அக்கம்பியின் மீதே நடைபெறலாயின.

1920இல் அமெரிக்கா எங்கும் மதுவிலக்கு நடைமுறைக்கு வந்தது. சியாட்டில் நகரப் பொலிஸ் படையில் லெப்டினன்டாக இருந்த ரோய் ஒல்ம்ஸ்டெட், கனடாவிலிருந்து மதுவைக் கடத்தி விற்கும் பெருந்தொழிலின் தலைவரானார். ஐம்பதுக்குக் குறையாத ஆட்களும் கடலோடும் கலங்களும் அத்தொழிலில் ஈடுபட்டிருந்தன. விற்பனை குன்றிய மாதத்திற்கூட 176,000 டொலர் வருமானம் வந்தது. கட்டளைகள் எல்லாம் தொலைபேசி மூலமே பறந்தன.

மதுவிலக்கு அதிகாரிகள் அவருடைய வீட்டினுள்ளோ காரியாலயத்தினுள்ளோ கால் வைக்கவில்லை. காரியாலயம் இருந்த பெரிய கட்டடத்தின் நிலவறையிலும், வீடுகளின் அருகே தெருவிலும் செல்லும் கம்பிகளிலே தம் கம்பியை இணைத்தனர். ஏறத்தாழ ஐந்து மாதம் ஒட்டுக் கேட்டு எடுத்த குறிப்புகள் தட்டச்சில் 775 பக்கங்களாயின. இதற்கு எந்த நீதிபதியின் ஆணையும் பெறப்படவில்லை. மேலும், தொலைபேசிச் செய்தியை இடைமறித்தல் அந்த வாஷிங்டன் மாநிலத்தின் சட்டப்படி 1909 முதலே குற்றமாகும்.

1928 யூன் மாதத்தில் அதியுயர் நீதிமன்றம் ஐவருக்கு நால்வர் என்ற கணக்கில் அரசாங்கத்தின் பக்கம் தீர்ப்பளித்தது. வீட்டினுள் நுழைதலும் இல்லை, பொருளைக் கைப்பற்றலும் இல்லை. ஆகவே சோதனையும் இல்லை என்றார் பிரதம நீதியரசர் டாஃப்ட். வீட்டுக்கு வெளியே ஓடும் கம்பி, அது செல்லும் பெருந்தெருவைப் போலவே வீட்டின் பகுதியன்று என்பது அவர் கருத்து.

மாறுபட்ட நால்வருள் ஒருவர் லூயி பிரான்டைஸ். 1890இலேயே சாமுவேல் வாரன் என்பவரோடு சேர்ந்து அந்தரங்க உரிமையைப் பற்றிக் கட்டுரை எழுதியவர் அவர். ஒருவனுடைய கம்பியை ஒட்டுக் கேட்பது அவனோடு பேசும் அத்தனை பேரையும் ஒட்டுக் கேட்பதாகும் என்று அவர் காட்டினார். இரகசியப் பெட்டியைத் திறவாமலே அதிலுள்ள தாள்களை நீதிமன்றத்தில் விரித்துக் காட்டும் வழிகளை விஞ்ஞானம் ஒருநாள் அரசாங்கத்துக்கு அளிக்கக்கூடும் எனவும் எச்சரித்தார். சட்டத்தைக் காப்பதற்கென்று அரசே சட்டத்தை மீறினால், மக்கள் அதனிடம் கற்றுக்கொள்வது மீறுதலையே என்பது அவருடைய வாதத்தின் உயிர்நாடி. நீதியரசர் ஹோம்ஸும், சில குற்றவாளிகள் தப்பினும் தப்புக, அரசாங்கம் இழிசெயலுக்கு உடன்படலாகாது என்ற கருத்தினரே.

இங்கே ஒன்றை மறத்தலாகாது. ஒல்ம்ஸ்டெட் மது கடத்தியது உண்மை. நல்லவன் ஒருவனின் உரிமைக்காக வாதாடுதல் எளிது. குற்றவாளியின் உரிமை மறுக்கப்படும்போதே சட்டம் சோதனைக்கு உள்ளாகிறது. அவனுக்கு எதிராக ஏற்கப்பட்ட முறை அடுத்த நாள் எவருக்கும் எதிராகப் பயன்படலாம் அன்றோ?

1934இல் ஒரு சட்டம் தொலைபேசிச் செய்தியை இடைமறித்து வெளியிடுதலைத் தடுத்தது. எனினும் சுவர் வழியே கேட்கும் கருவிகளை அது தீண்டவில்லை. 1942இல் வந்த வழக்கொன்றிலே, அடுத்த அறையின் சுவரில் கருவியை ஒட்டிவைத்துக் கேட்டது குற்றமன்று எனப்பட்டது. 1961இல் வந்த வேறொரு வழக்கிலே, சுவரினுள் ஓர் அடி நீள ஊசியைச் செருகிக் கேட்டது சட்டவிரோதம் எனப்பட்டது. கேட்கப்பட்டவனுக்கு இரண்டிலும் நேர்ந்த தீங்கு ஒன்றே. ஆயினும் அவனுடைய உரிமை சில அங்குல அளவில் வந்து நின்றது.

இந்த அளவுகோலை மாற்றியது ஒரு கண்ணாடிக் கூண்டு. 1965இல் லொஸ் ஏஞ்சல்ஸ் நகரத்துத் தெருவோரத்திலே, சார்ள்ஸ் கட்ஸ் என்பவர் பொதுத் தொலைபேசிக் கூண்டினுள் நின்று பந்தயச் செய்திகளை மயாமிக்கும் பொஸ்ரனுக்கும் சொல்லிவந்தார். கூட்டாட்சிப் புலனாய்வு அதிகாரிகள் கூண்டின் வெளிப்புறத்தே கருவியை வைத்து அவர் பேச்சைப் பதிவு செய்தனர். உள்ளே எதுவும் செருகப்படவில்லை. கூண்டோ கண்ணாடி, அவரை யாரும் காணலாம். ஆனால் கதவைச் சாத்தியவர் விலக்கியது பிறர் கண்ணையன்று, அழையாத செவியை என்றது அதியுயர் நீதிமன்றம். 1967 டிசம்பரில் எழுவருக்கு ஒருவர் என்ற கணக்கில், அரசியலமைப்பு காப்பது இடத்தையன்று, மனிதரையே என்று நீதியரசர் ஸ்டூவர்ட் தீர்ப்பெழுதினார்.

அத்தீர்ப்பில் மற்றொரு நுட்பமும் உண்டு. அதிகாரிகள் வரம்பின்றி நடக்கவில்லை. கட்ஸ் பேசிய வேளையில் மாத்திரமே கேட்டனர். ஒரு நீதிபதியை நாடியிருந்தால் அவர் அனுமதித்திருக்கவும் கூடும். ஆயினும் அவ்வரம்பைத் தமக்குத் தாமே விதித்துக்கொண்டமை போதாது. தேடுபவன் வேறு, தேடலை அனுமதிப்பவன் வேறாக இருத்தல் வேண்டும் என்றது மன்று. அடுத்த ஆண்டிலேயே, நீதிபதியின் ஆணையோடு ஒட்டுக் கேட்பதற்குரிய சட்டம் இயற்றப்பட்டது. காவலர் கையிலிருந்து கருவி பறிக்கப்படவில்லை. அதற்கு ஒரு கடிவாளம் இடப்பட்டது.

கருவிகள் மேலும் வளர்ந்தன. கொள்ளை வழக்கொன்றில் கார்ப்பென்டர் என்பவரின் கைத்தொலைபேசி 127 நாள்களில் விட்டுச் சென்ற 12,898 இடக்குறிப்புகளைப் புலனாய்வாளர் பெற்றிருந்தனர். தக்க காரணம் காட்டிப் பெறும் தேடுதல் ஆணை அதற்கும் வேண்டும் என 2018இல் அதே நீதிமன்றம், மீண்டும் ஐவருக்கு நால்வர் என்ற கணக்கில் தீர்த்தது. 1928இல் ஒரு வாக்கினால் தோற்ற கொள்கை, தொண்ணூறு ஆண்டுகளின் பின் ஒரு வாக்கினால் வென்றது.

ஒல்ம்ஸ்டெட் நான்காண்டுச் சிறைத்தண்டனை பெற்றார். 1935இல் ஜனாதிபதி ரூஸ்வெல்ட் அவருக்கு மன்னிப்பளித்தார். அவர் எழுப்பிய வினாவோ முடியவில்லை. புதிய கருவி ஒன்று காவலர் கைக்கு வருந்தோறும் அது மீண்டும் எழும். கருவியால் எதைக் கேட்க முடியும் என்பதை விஞ்ஞானம் சொல்லும். கேட்பதற்கு முன் யாரிடம் காரணம் சொல்லி அனுமதி பெறவேண்டும் என்பதைச் சட்டமே சொல்லுதல் வேண்டும்.